பருவைப் பார்த்துத் தொற்றை எடை போட முடியாது: பிறப்புறுப்பில் புடைப்புகளோடு வந்த 27 வயது ஆண் – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் ஒரே ஆள் அல்ல. பால்வினை நோய் சிகிச்சைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் விவரங்களைக் கோத்து ஒருவராக்கியது இது. நாள் கணக்கும் மருந்து அளவும் ஆய்வுகளின் இடைவெளியும் நடைமுறையில் இருப்பவையே.

வந்தபோது சொன்னது

மணமாகாதவர். சர்க்கரை நோய் இல்லை, வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. நான்கு குறைகளைச் சொன்னார்: ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பருக்கள், தண்டின் அடிப்பக்கம் மஞ்சள் புள்ளிகள், மேலே முடிப்பகுதியில் சிவந்த பொரிப்பு, மூன்று நாளாக எரியும் ஒரு புண்.

38 நாளுக்கு முன் புதிய துணை ஒருவருடன் உறவு. ஆணுறை இருந்தது, ஆனால் பாதியில்தான் போட்டார். வாய்வழி உறவு இருபக்கமும் தடுப்பு இல்லாமல். அதற்கு நான்கு மாதம் முன்பு வேறொருவருடன் உறவு இருந்தது. நடுவில் யாரும் இல்லை. சிறுநீர் எரிச்சல், சீழ், காய்ச்சல், அரையில் நெறி என்று எதுவும் இல்லை.

உறவுக்கு முன்னால் அந்த இடத்தை இவர் உற்றுப் பார்த்ததே இல்லை. ஒன்பதாம் நாள் குளிக்கும்போது பார்த்தார். பயம் அங்கே தொடங்கியது. அறையில் நடந்த பேச்சில் மூன்று வரி இப்படிப் போனது:

“இந்தப் பரு எப்போ வந்தது?”

“போன மாசம், டாக்டர்.”

“போன மாசம் நீங்க பார்த்தீங்க. வந்தது எப்போன்னு தெரியுமா?”

அவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. பார்த்த நாளையே வந்த நாளாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் குழப்பங்களில் முதல் முடிச்சு.

அந்த 38 நாளில் அவர் செய்தவை

பத்தாம் நாள், சரியாகத் தெரியட்டும் என்று முடியை ஒட்டச் சவரம் செய்தார். அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை அதே பிளேடு, முடி வளரும் திசைக்கு எதிராக.

பன்னிரண்டாம் நாள் தானாகவே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் எச்.ஐ.வி. ஆன்ட்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்), வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானது), ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். (கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸுக்கான ஒரு வகை ஆன்ட்டிபாடி) மூன்றும் எடுத்தார். முதல் இரண்டும் நெகட்டிவ். ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். மட்டும் எல்லைக்கு மேலே லேசாக பாசிட்டிவ். அன்று முதல் தூக்கம் போனது.

29-ஆம் நாள் வினிகரில் பஞ்சை நனைத்து வைத்துப் பார்த்தார். தோல் வெளுத்தது. “வெளுத்தால் மரு” என்று எங்கோ படித்திருந்தார். 31-ஆம் நாளிலிருந்து ஐந்து இரவு, கைகால் மருவுக்கு விற்கும் திரவத்தைக் குச்சியால் தொட்டு வைத்தார். அதில் சுமார் 17 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. 35-ஆம் நாள் தோல் உரிந்து புண்ணானது.

இந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் நோயறிதலைக் கொஞ்சம் கெடுத்துவிட்டன. உடம்பில் இயற்கையாக இருந்தவை இரண்டு. அவர் கையால் உண்டானவை இரண்டு. அவற்றின் நடுவே உண்மையான தொற்று ஒன்று ஒளிந்திருந்தது. பிரித்தெடுக்க நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டியிருந்தது.

பரிசோதனையில் தெரிந்தது

மொட்டின் விளிம்பு: பின்னோரத்தை ஒட்டி இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் 1 முதல் 2 மி.மீ., குவிமாடம் மாதிரி, தோல் நிறத்திலிருந்து முத்து வெள்ளை வரை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மேல்பக்கம் எடுப்பாக, கீழே முன்தோலை இணைக்கும் மடிப்பை நெருங்க நெருங்க மங்கல். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் திராட்சைக் கொத்து மாதிரி அடுக்கு. ஒவ்வொரு முத்துக்கும் தனி அடி, நடுவில் புள்ளியாகவோ காற்புள்ளி வடிவிலோ ஒரு சிறு ரத்தக்குழாய், சுற்றி வெளிறிய பிறை. இவை முத்துப் பருக்கள். ரத்தக்குழாயும் நார்த்திசுவும் சேர்ந்த இயல்பான திசு. கிருமி கிடையாது, யாருக்கும் ஒட்டாது. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை வேறுபட்டாலும், ஆண்களில் ஏழில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை இது இருப்பதாகக் கணக்கு. பருவம் எய்தியபின் தெரியத் தொடங்கும், வயது ஏற ஏற மங்கும்.

மருவாக இருந்தால் இப்படி வரிசை கட்டி நிற்காது. மரு தாறுமாறாக வரும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மேற்பரப்பு சொரசொரவென்று காலிஃபிளவர் மாதிரி இருக்கலாம். பல விரல்கள் ஒரே அடியிலிருந்து கிளம்பும். முக்கியமாக, வாரங்களில் மாறும்: கூடும், பெருக்கும். முத்துப் பருக்கள் இன்று இருந்தது போலவே அடுத்த மாதமும் இருக்கும்.

தண்டின் அடிப்பக்கம்: தோலை இழுத்துப் பிடித்தால் மட்டும் தெளிவாகத் தெரியும் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள், 1 முதல் 3 மி.மீ. விட்டால் மறையும். ஃபோர்டைஸ் புள்ளிகள். முடி இல்லாத இடத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள்தான் இவை. 1896-இல் இவற்றை விவரித்த தோல் மருத்துவரின் பெயர். இவருடைய மேலுதட்டின் ஓரத்திலும் அதே புள்ளிகள் இருந்தன. கண்ணாடியில் காட்டியதும் அவர் தளர்ந்து உட்கார்ந்தது குறிப்பில் எழுதும் விஷயமல்ல, ஆனாலும் நடந்தது. இவற்றைப் பிதுக்கினால் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி வரும். மறுநாள் அங்கே உண்மையான வீக்கம் வந்துவிடும்.

முடிப்பகுதி: இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடந்தது. பெரும்பாலானவை மயிர்க்கால் அழற்சி. சிவந்த சிறு பரு, நடுவில் முடி; சிலவற்றில் வெட்டுப்பட்ட முடி உள்ளே வளைந்து வளர்ந்திருந்தது. சவரத்தின் வேலை. ஆனால் அவற்றின் நடுவே நான்கு பரு மட்டும் வேறு மாதிரி: சிவப்பில்லை, முடியில்லை, 3 மி.மீ., மெழுகுப் பளபளப்பு, உச்சியில் தொப்புள் போல ஒரு குழி. அதில் மூன்று, பிளேடு இழுத்த திசையில் ஒரே கோட்டில் நின்றன. மொலஸ்கம்.

இது அம்மை வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ். பெரியவர்களுக்கு இந்த இடத்தில் வந்தால் பெரும்பாலும் உறவின்போது தோலோடு தோல் உரசியதால் வந்தது. ஆணுறை மூடாத இடம் இது. தொற்றி 2 முதல் 7 வாரத்தில் தெரியும், சிலருக்கு ஆறு மாதம் வரை ஆகும். அப்புறம் பிளேடு ஒன்றை நான்காக்கும். அவர் இந்த நான்கைப் பற்றிக் கவலையே படவில்லை. “சவரப் பரு” என்று ஒதுக்கியிருந்தார். இயல்பான வரிசைக்கு அமிலம் வைத்தவர், ஒட்டக்கூடியதைப் பிளேடால் பரப்பிக்கொண்டிருந்தார்.

புண்: மொட்டு விளிம்பின் இடப்பக்கம், சுமார் 6 மி.மீ., மேலோட்டமாக உரிந்தது. அடி மென்மை, தொட்டால் எரிகிறது, ஓரம் ஒழுங்கற்றது. குச்சி வைத்த அதே இடம். அமிலத்தால் வெந்தது என்பதில் சந்தேகம் குறைவு. ஆனாலும் ‘சந்தேகம் குறைவு’ என்று விட்டுவிட முடியாத இடம் இது.

அந்தப் புண் ஏன் தலைவலி

38-ஆம் நாள், பிறப்புறுப்பில் ஒரு புண். அமிலக் கதையை ஒருவர் சொல்லாமல் மறைத்திருந்தால் முதலில் நினைக்க வேண்டியது சிஃபிலிஸ். அந்தப் புண் தொற்றிய 10 முதல் 90 நாளுக்குள் வரும், சராசரியாக 21-ஆம் நாள். பெரும்பாலும் ஒன்று, வலி இல்லாதது, விரலுக்கிடையில் பிடித்தால் குருத்தெலும்பு மாதிரி கெட்டி. மருந்தே இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். ஆறியதும் நோய் போய்விட்டது என்று நம்பி விடுபவர்கள் ஏராளம். நோய் உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

ஹெர்பிஸ் என்றால் 2 முதல் 12 நாளுக்குள் சிவந்த தரையில் கொத்தாக நீர்க்கொப்புளம், உடைந்து ஆழமில்லாத வலிக்கும் புண்கள், பிறகு பொருக்கு. முதல் முறை காய்ச்சலும் அரையில் நெறியும் சேரும். இவருக்குக் கொப்புளம் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

அதனால் புண்ணின் அடியிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் ஒற்றிய மாதிரி) எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் ஹெர்பிஸ் பி.சி.ஆர்., ரத்தத்தில் சிஃபிலிஸுக்கு ஆர்.பி.ஆர்., அதோடு டி.பி.எச்.ஏ. மூன்றும் நெகட்டிவ். அமிலம் வைக்காமல் வந்திருந்தால் ஸ்வாப் தேவைப்பட்டிருக்காது. ஒரு பால்வினை நோய்க்குப் பயந்து வைத்த அமிலம், இன்னொரு பால்வினை நோய் போலவே தோற்றமளிக்கும் புண்ணைச் செய்து கொடுத்தது.

சிகிச்சை எளிது: திரவத்தை நிறுத்துதல், சோப்பு இல்லாமல் வெதுவெதுப்பான நீர், ஒத்தித் துடைத்து நாளுக்கு மூன்று முறை பெட்ரோலியம் ஜெல்லி. பத்து நாளில் மூடியது.

வினிகரும் ஐ.ஜி.எம்.-உம்

இரண்டுக்கும் ஒரே குறை: கேட்ட கேள்விக்கு அவை விடை சொல்வதில்லை.

3 முதல் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் பட்டால் தோலின் மேலடுக்கில் புரதம் உறைந்து வெளுப்பு வரும். தடித்த தோல், அழற்சி, உரசல், பூஞ்சை, சவரக் காயம் எல்லாமே வெளுக்கும். அதனால்தான் மருவைத் தேடிப் பிடிக்க இந்தச் சோதனையை வைத்தியர்களே பரிந்துரைப்பதில்லை. வீட்டில் செய்தால் பாசிட்டிவ் வராமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். அதைவிட மோசம். ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா என்று அது பிரிப்பதில்லை. வேறு வைரஸுக்கான ஆன்ட்டிபாடியோடும் குழம்பும். பழைய ஹெர்பிஸ் திரும்ப வரும்போதும் பாசிட்டிவ் ஆகும். ‘புதிதாக வந்தது’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. புண் இருந்தால் புதிய புண்ணிலிருந்து பி.சி.ஆர்.; புண் இல்லை, தெரிந்தே ஆகவேண்டும் என்றால் 12 வாரத்துக்குப் பின் வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. (நாள்பட நிற்கும் ஆன்ட்டிபாடி). அதிலும் எல்லையை ஒட்டிய குறைந்த பாசிட்டிவ் பல நேரம் பொய்யாகிறது. ஒன்றாம் வகை பாசிட்டிவ் என்றால் சிறுவயதில் உதட்டில் வந்துபோன கொப்புளமாகவும் இருக்கலாம். அறிகுறியே இல்லாதவருக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்பதுதான் சரி. இவருடைய 26 நாள் தூக்கமின்மை அதற்குச் சாட்சி.

பன்னிரண்டாம் நாள் எடுத்த எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் பொய்யல்ல. அந்த உறவுக்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு அது விடை. அந்த உறவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வியை இரண்டாகப் பிரித்தல்

இந்த மாதிரி வருபவர்களிடம் ஒரே கேள்விதான் இருக்கும்: “இந்தப் பரு தொற்றா?” மருத்துவர் அதை இரண்டாக்கியே ஆகவேண்டும். இந்தப் பரு என்ன என்பது ஒன்று. அந்த உறவில் ஏதாவது தொற்றியதா என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கண்ணும் டெர்மோஸ்கோப்பும் போதும். இரண்டாவதற்குப் பரு உதவாது. பரு எல்லாம் இயல்பு என்று தெரிந்ததும் “அப்போ ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்புவது, பருவுக்குப் பயந்து எல்லா மருந்தையும் எழுதிக் கொடுப்பதைப் போலவே தவறு.

அதனால் பருவை ஒதுக்கி வைத்துவிட்டு, நாட்காட்டியைப் பார்த்து ஆய்வுகள் முடிவாயின.

க்ளாமிடியா, கொனோரியா (உறவில் பரவும் இரண்டு பாக்டீரியாத் தொற்றுகள்): உறவுக்கு இரண்டு வாரத்துக்குப் பின் சிறுநீரில் மரபணு ஆய்வு நம்பகமானது. 38-ஆம் நாளில் தாராளமாக எடுக்கலாம். சிக்கல் எடுக்கும் முறையில். சிறுநீர்த் தொற்றுக்கு நடுச் சிறுநீர் பிடிக்கச் சொல்லிப் பழகிய எல்லோரும் இதற்கும் முதலில் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிப்பார்கள். இங்கே வேண்டியது அந்த விட்டுவிட்ட பங்குதான். சிறுநீர்க் குழாயில் ஒட்டியிருக்கும் செல்களை முதல் 20 முதல் 30 மி.லி. அலசிக்கொண்டு வரும். குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும், முன்னால் துடைத்துச் சுத்தம் செய்யக் கூடாது, குப்பி நிறையப் பிடிக்கவும் கூடாது, நீர்த்துப்போகும். இவர் இருபது நிமிடம் முன்புதான் கழிவறைக்குப் போயிருந்தார். உட்கார வைத்து, நேரம் கழிந்தபின் எடுக்கப்பட்டது. வாய்வழி உறவு இருந்ததால் தொண்டை ஸ்வாப்பும் எடுக்கப்பட்டது.

எச்.ஐ.வி.: ஆன்ட்டிஜனையும் (வைரஸின் புரதம்) ஆன்ட்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வு, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில், 45 நாளில் பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும். விரலில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் ஆன்ட்டிபாடிக் கருவிக்கு 90 நாள் வரை ஆகலாம். இவருக்கு 38-இல் ஒன்று, ஒரு வாரம் தள்ளி ஒன்று. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பேச்சே வேறு: ஆபத்தின் அளவைப் பார்த்து 28 நாள் தடுப்பு மருந்து தொடங்கலாமா என்று யோசித்திருக்கலாம். அந்தக் கதவு மூன்றாம் நாளே மூடிவிட்டது.

சிஃபிலிஸ்: 38-இல் நெகட்டிவ் என்பது நல்ல செய்தி, ஆனால் கடைசிச் செய்தி அல்ல, 90-ஆம் நாள் மறுபடி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட நினைவு இல்லாததால் அதற்கான ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தது.

மருவை உண்டாக்கும் வைரஸான எச்.பி.வி.-க்கு ஆய்வு எதுவும் எழுதவில்லை. “எனக்கு எச்.பி.வி. டெஸ்ட் எடுங்க” என்று ஆண்கள் பலர் கேட்பார்கள். மரு இல்லாத ஆணின் தோலில் அதைத் தேடும் வழக்கமான ஆய்வு கிடையாது. கண்டுபிடித்தாலும் செய்ய ஒன்றுமில்லை, பெரும்பாலும் உடலே ஒன்றிரண்டு ஆண்டில் அடக்கிவிடும்.

வந்த முடிவு

கொனோரியா இரண்டு இடத்திலும் இல்லை. எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ். சிறுநீரில் க்ளாமிடியா பாசிட்டிவ்.

எரிச்சல் இல்லை, சீழ் இல்லை, பரு இல்லை. க்ளாமிடியா அப்படித்தான். பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் பலருக்கும் அது சத்தமே போடாது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதினரிடையே சுமார் 12 கோடியே 90 லட்சம் புதிய க்ளாமிடியா தொற்றுகள். கண்டுகொள்ளாமல் விட்டால் ஆண்களுக்கு விதைமேல் நாளத்தில் வீக்கம், பெண்களுக்கு கருக்குழாய் அடைப்பு வரை போகும்.

டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று, 7 நாள். நான்காம் நாள் நெஞ்சு எரிகிறது என்று கூப்பிட்டார். படுக்கப் போகும்போது வெறும் வாய் எச்சிலோடு மாத்திரையை விழுங்கியிருக்கிறார். இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாக்கும்: ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். சேர்த்துப் போட்டால் மருந்து உடலில் சேராது. வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து இல்லை, வேறு கொடுப்பார்கள்.

மாத்திரை முடியும்வரை, துணைக்கும் சிகிச்சை முடியும்வரை, எந்த வகை உறவும் வேண்டாம். மருந்து முடிந்த கையோடு ‘போய்விட்டதா’ என்று அதே ஆய்வைத் திரும்ப எடுக்கக் கூடாது. செத்த கிருமியின் மரபணு மூன்று, நான்கு வாரம் வரை கிடந்து பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டும். அது மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அல்ல, மறுபடி தொற்றியதா என்று பார்க்க.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். இந்த ஆய்வு அதைச் சொல்லாது. 38 நாள் முன்பா, ஐந்து மாதம் முன்பா, எதுவும் சாத்தியம். அதனால் இருவருக்கும் சொல்ல வேண்டும். சொல்லும் வார்த்தைகளை அறையிலேயே எழுதிக் கொடுப்பது உதவுகிறது, ஏனென்றால் தள்ளிப்போடுவது பெரும்பாலும் வார்த்தை கிடைக்காததால்தான்: “எனக்கு க்ளாமிடியா இருக்குன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. அறிகுறி இல்லாமலும் இருக்கும், மாத்திரையில சரியாகிடும். நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ.” குற்றச்சாட்டும் விளக்கமும் அதில் இல்லை. அதை இருவருக்கும் அன்றே அனுப்பினார்.

மொலஸ்கம்: விட்டாலும் 6 முதல் 12 மாதத்தில் தானே போகும், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பிறருக்கு ஒட்டும் இடம் என்பதால் எடுத்துவிடலாம் என்றார். மரத்துப்போகும் க்ரீம் பூசி ஒரு மணி நேரம் கழித்து, சிறு வளையக் கரண்டியால் நான்கும் சுரண்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பால்கட்டி மாதிரி ஒரு கரு. மூன்று வாரத்தில் புதிதாக இரண்டு வந்தன. சிகிச்சை தோற்றது என்று பதறினார். அவை ஏற்கெனவே தோலுக்குள் ஊறிக்கொண்டிருந்தவை. அவையும் எடுக்கப்பட்டன, அத்தோடு நின்றது. பிளேடு குப்பைக்குப் போனது, துண்டு தனியானது, முடியைக் குறைக்க வேண்டுமென்றால் காவல் சீப்பு வைத்த ட்ரிம்மர். மயிர்க்கால் அழற்சி சவரத்தை நிறுத்தியதும் பத்து நாளில் அடங்கியது.

மருவாகவே இருந்திருந்தால்

பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பது எச்.பி.வி. 6, 11 வகைகளால் வருபவை. புற்றுநோயோடு தொடர்புள்ள 16, 18 வேறு வகைகள். தொற்றிச் சராசரியாக இரண்டு மூன்று மாதத்தில் தெரியும், அதற்கு மேலும் ஆகலாம். ஒன்பதாம் நாள் பார்த்த பரு இந்த உறவால் வந்த மருவாக இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் போட இரண்டு மருந்து உண்டு, இரண்டும் மருத்துவர் பார்த்து எழுதுபவை. போடோஃபில்லோடாக்ஸின் 0.5 விழுக்காடு: நாளுக்கு இருமுறை மூன்று நாள், நான்கு நாள் இடைவெளி, இப்படி நான்கு சுற்று வரை. இமிகுவிமோட் 5 விழுக்காடு: வாரம் மூன்று இரவு, 6 முதல் 10 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும், 16 வாரம் வரை. இந்த க்ரீம் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். போடோஃபில்லோடாக்ஸின் கர்ப்பத்தில் கூடவே கூடாது. கைகால் மருவுக்கான திரவம் எந்தக் காலத்திலும் இங்கே இல்லை. உள்ளங்காலின் தடித்த தோலை உரிக்கச் செய்த அமிலம் அது.

இதே குழப்பம் பெண்களுக்கும்

சிறு உதடுகளின் உட்பக்கத்தில் மென்மையான, ஒரே அளவான, இருபக்கமும் சமமாக நிற்கும் நுண்விரல்கள் மாதிரி புடைப்புகள் இருக்கலாம். முத்துப் பருக்களுக்கு இணையான இயல்பு அது. ஒவ்வொன்றுக்கும் தனி அடி என்பதுதான் இங்கேயும் அடையாளம். ஒரு காலத்தில் மரு என்று நினைத்து லேசர் வரை போயிருக்கிறார்கள். பிறப்புறுப்பு வாசலில் ஒரு பக்கம் மட்டும் உருண்டையாக வீங்கினால், அங்கே ஈரம் சுரக்கும் பார்த்தோலின் சுரப்பி. நாற்பது வயதுக்கு மேல் அங்கே புதிதாக ஒரு கட்டி என்றால் திசு எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது.

எங்கே தவறுகிறது

இரவில் அதிகமாகும் அரிப்போடு விதைப்பையிலும் மொட்டிலும் உருண்டைகள் இருந்தால் சிரங்குப் பூச்சி. இதைத் தவறவிடுவது, பருவை மட்டும் காட்டி விரலிடுக்கையும் மணிக்கட்டையும் காட்டாததால். பெர்மெத்ரின் 5 விழுக்காடு க்ரீம் கழுத்திலிருந்து கால்விரல் வரை, 8 முதல் 14 மணி நேரம், ஒரு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் உள்ளவர்களும் அதே நாளில். பூச்சி செத்தபின்னும் அந்த உருண்டைகள் வாரக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து க்ரீமைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

ஸ்டீராய்டு கலந்த பூஞ்சைக் க்ரீம் இன்னொன்று. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை அடியில் பரவும், வடிவம் மாறிப்போய் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. விதைப்பையில் கருஞ்சிவப்பு மணிகள் ரத்தக்குழாய்ப் புடைப்புகள், கிள்ளினால் ரத்தம் கொட்டும். வேகமான உறவுக்கு மறுநாள் மொட்டுக்குப் பின்னால் கயிறு மாதிரி ஒன்று தென்பட்டால் நிணநாளம் தடித்தது, சில வாரம் ஓய்வு கொடுத்தால் போகும்.

கெட்டியாக, வளர்ந்துகொண்டே, ரத்தம் கசிந்து, நிறம் மாறி இருப்பதோ, முறையான சிகிச்சைக்கு மசியாததோ பயாப்ஸி (திசு ஆய்வு) இல்லாமல் முடிவு செய்யக் கூடாதவை. வலியில்லாத எந்தப் புண்ணும் அந்த வாரமே பார்க்க வேண்டியது. கொப்புளத்தோடு சிறுநீர் வராமல் அடைத்தாலோ, விதை வீங்கி வலித்தாலோ, பின்னே தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் மாட்டிக்கொண்டாலோ அன்றைக்கே.

90-ஆம் நாள்

இடையில் ஒரு சின்ன ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு நாளில் பதினைந்து முறை வரை பார்த்துக்கொண்டிருந்தவர், ஞாயிறு காலை மட்டும், ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் ஒரு படம் எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நாளில் பார்க்க வேண்டாம். ஏழு படங்கள் சேர்ந்தன. 45-ஆம் நாள் எச்.ஐ.வி. நெகட்டிவ். 90-ஆம் நாள் சிஃபிலிஸும் எச்.ஐ.வி.-யும் நெகட்டிவ், பிறகு, மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த க்ளாமிடியாவும் நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தொடங்கியாகிவிட்டது. எச்.பி.வி. தடுப்பூசி இருப்பதைக் குணமாக்காது, வராததைத் தடுக்கும் என்ற விளக்கத்தோடு ஒன்பது வகைக்கான ஊசியில் முதல் தவணையும் போட்டுக்கொண்டார். மீதி இரண்டாம் மாதமும் ஆறாம் மாதமும்.

ஏழு படங்களையும் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது முடிப்பகுதி ஒவ்வொரு வாரமும் மாறியிருந்தது. மொட்டு விளிம்பின் இரண்டு வரிசை முத்துக்களும் முதல் படத்தில் இருந்தபடியே கடைசிப் படத்திலும் இருந்தன. அவற்றுக்குப் பூச எதுவும் எழுதித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.